சுழலும் கேமரா: வாங்கி மாட்டினால் மட்டும் போதுமா?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், வளாகப் பாதுகாப்பு ஏற்பாடுகள் குறித்து நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. உறுப்பினர்கள் கேட்டுக் கொண்டதற்கிணங்க ஆண்டு மலரில் இடம் பெறுகிறது.)

   

சற்று முன்னர் வாசிக்கப்பட்ட வரவு செலவு அறிக்கையில் 'கண்காணிப்புக் கேமரா சீரமைப்பு' என்றொரு செலவினம் இருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். 2018ஆம் ஆண்டுதானே கேமரா வாங்கினோம், அதற்குள் மீண்டும் ஏன் செலவு என்று உறுப்பினர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்வது எங்கள் கடமை. அத்துடன், இன்று நம் மஹல்லாவில் கடை வைத்திருப்போரும் வீடு கட்டியிருப்போரும் இத்தகைய கேமராக்களை வாங்கி வருவதால், நாங்கள் பட்ட பாடு தங்களுக்குப் பயன்படட்டும் என்ற எண்ணத்திலும் இந்த உரையை ஆற்றுகிறோம்.

நடந்தது என்ன?

2018ஆம் ஆண்டு நமது பள்ளிவாசல் வளாகத்தில் எட்டு இணைப்புகள் கொண்ட டி.வி.ஆர். எனப்படும் பதிவுக் கருவி ஒன்றும், நான்கு நிலையான கேமராக்களும், மாடியின் முகப்பு மூலையில் பி.டி.இசட். எனப்படும் சுழலும் கேமரா ஒன்றும் பொருத்தப்பட்டன. நிலையான கேமராக்களில் இரண்டு வெளித் தாழ்வாரத்தையும், ஒன்று அலுவலக அறையையும், மற்றொன்று மஹால் வாசலையும் பார்த்தன. முன்வாசல், உண்டியல், வாகன நிறுத்துமிடம், கபரஸ்தான் சுவர் ஆகிய நான்கையும் அந்த ஒரே சுழலும் கேமரா பார்த்துக் கொள்ளும் என்று நம்பினோம். "இது ஒன்று இருந்தால் நான்கு கேமராவுக்குச் சமம்" என்று விற்றவர் சொன்னார். சிக்கனம் கருதி நாங்களும் அதை ஏற்றுக் கொண்டோம்.

2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள் இரவு, மதரஸா கட்டட நிதிக்காக முன்வாசலில் வைக்கப்பட்டிருந்த உண்டியல் உடைக்கப்பட்டது. எதிரே தேநீர்க் கடையைத் திறக்க வந்தவர், அதிகாலை 3.10 மணி அளவில் இரும்பைத் தட்டும் ஓசை கேட்டதாகவும், முந்திய நாள் திருமணத்திற்குப் போட்ட பந்தலைப் பிரிக்கிறார்கள் என்று எண்ணி விட்டதாகவும் கூறினார். சுப்ஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல வந்த மோதினார்தாம் உடைந்து கிடந்த உண்டியலை முதலில் கண்டார்.

உடனே பதிவைப் பார்த்தோம். முந்திய நாள் மாலை, திருமணத்திற்கு வந்த வாகனங்களைக் கவனிப்பதற்காக யாரோ சுழலும் கேமராவை வாகன நிறுத்துமிடத்தின் பக்கம் திருப்பி விட்டு, அப்படியே சென்றிருந்தனர். இரவு முழுவதும் அது அதே திசையில் பார்த்துக் கொண்டிருந்தது. உண்டியல் ஒரு நொடி கூடப் பதிவில் இல்லை. ஆனால் திரையில் 3.10 மணி என்று காட்டிய வேளையில், நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தோளில் பையுடன் சாலையில் விரைந்து செல்வது தெரிந்தது.

அறையில் இருந்தவர்களில் ஒருவர் அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்தார். பகல் பொழுதுக்குள் அது பலருடைய வாட்ஸப்பில் வந்து விட்டது. தேநீர்க் கடைக்காரர் சொன்ன நேரமும் திரையில் இருந்த நேரமும் ஒன்றாக இருந்தமையால், விசாரணை ஏதுமின்றியே தீர்ப்பு வழங்கப்பட்டு விட்டது. அன்று மாலை அந்த இளைஞரின் தாயார் அலுவலகத்திற்கு வந்து, "என் மகன் உண்டியலைத் தொட்டதை உங்கள் கேமரா காட்டியதா, சாலையில் நடந்து போனதைக் காட்டியதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அவர் சென்ற பின்னர்தான் எங்களில் ஒருவர் டி.வி.ஆரின் கடிகாரத்தையும் தம் கைப்பேசியின் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். டி.வி.ஆர். 42 நிமிடங்கள் முந்தியிருந்தது. அப்படியெனில் அந்த இளைஞர் சாலையில் சென்ற உண்மையான நேரம் 2.28 மணி. வெளியூரில் பணிபுரியும் அவர் அன்றைய பேருந்துச் சீட்டை இன்னும் வைத்திருந்தார். சீட்டு வழங்கிய நேரம் 2.51 என்று அதில் அச்சாகியிருந்தது. இரும்பைத் தட்டும் ஓசை கேட்டபோது அவர் பேருந்தில் அமர்ந்து ஊரைத் தாண்டியிருந்தார்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின்னர் நாங்கள் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தோம். உண்டியலில் இருந்த தொகை பின்னர் ஜமாஅத்தார்களின் உதவியால் ஈடாகி விட்டது. ஆனால் ஒரு நாள் முழுவதும் ஒரு குடும்பம் பட்ட அவமானத்தை ஈடு செய்ய எங்களால் இயலவில்லை. உண்மையில் உண்டியலை உடைத்தவர் யார் என்பதும் இன்று வரை தெரியவில்லை. சந்தேகத்தையும், பிறரைத் துருவித் துருவி ஆராய்வதையும் நம் மார்க்கம் ஒரே இடத்தில் சேர்த்துத் தடுத்திருக்கிறது என்பதை ஹஜ்ரத் அவர்கள் அப்போது நினைவூட்டினார்கள். கேமராவை வைத்திருப்போர் இவ்விரண்டுக்கும் மிக அருகில் நிற்கிறார்கள் என்பதை நாங்கள் அனுபவத்தில் உணர்ந்தோம்.

நிலையான கேமராவும் சுழலும் கேமராவும்

பி.டி.இசட். என்ற மூன்று எழுத்துகளும் கேமரா செய்யும் மூன்று வேலைகளைக் குறிக்கின்றன. இடம் வலமாகத் திரும்புவது ஒன்று. மேலும் கீழுமாகச் சாய்வது மற்றொன்று. தொலைவில் உள்ளதை லென்ஸ் வழியாக நெருக்கிக் காட்டுவது மூன்றாவது. ஒருவர் திரையின் முன் அமர்ந்து, நடப்பதைப் பார்த்துக் கொண்டே திருப்புவதற்கு இது மிகச் சிறந்த கருவி. பெருநாள் கூட்டத்திலும், திருமண நாட்களிலும், குழந்தை காணாமற் போன வேளையிலும் இதன் பயனை நாமே கண்டிருக்கிறோம்.

ஆனால் அது எந்தத் திசையில் பார்க்கிறதோ அந்தத் திசைதான் பதிவாகும். பார்க்காத திசையை எந்தப் பதிவுக் கருவியாலும் பின்னர் வரவழைக்க முடியாது. நெருக்கிப் பார்க்கும்போது நிலைமை இன்னும் கடினம். ஒரு முகத்தைத் திரை நிறையக் காட்டும்போது, அந்த முகத்திற்கு நான்கு அடி தள்ளி நடப்பது கூடத் தெரியாது. ஆளைத் தானாகவே பின்தொடரும் வசதி சில கேமராக்களில் உண்டு. ஒருவர் பின்னால் அது போய்க் கொண்டிருக்கையில் மற்றொருவர் எளிதாக உள்ளே வந்து விடலாம்.

நிலையான கேமராவுக்கும் ஒரு கணக்கு உண்டு. முன்பின் அறியாத ஒருவரின் முகத்தைப் பதிவிலிருந்து ஐயமின்றி அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்று ஐரோப்பியத் தர நிர்ணயம் கூறுகிறது. முழு எச்.டி. கேமரா ஒன்றின் படத்தில் குறுக்காக 1920 புள்ளிகள் உள்ளன. 1920ஐ 250ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஏழே முக்கால் மீட்டர் வரும். அதாவது அத்தகைய கேமரா ஏழே முக்கால் மீட்டருக்கு மேல் அகலமான இடத்தைப் பார்த்தால், ஆள் நடமாட்டம் தெரியுமே தவிர ஆள் யார் என்பது உறுதிப்படாது. நமது முற்றம் 30 மீட்டர் அகலம். அதை ஒரே கேமரா பார்த்தால் மீட்டருக்கு 64 புள்ளிகளே கிடைக்கும். முன்வாசலோ 4 மீட்டர் அகலம்தான். அதற்கென ஒரு கேமராவை ஒதுக்கினால் மீட்டருக்கு 480 புள்ளிகள் கிடைக்கும்.

எனவே நாங்கள் முதலில் செய்த காரியம், முன்வாசலையும் உண்டியலையும் மட்டும் பார்க்கும் நிலையான கேமரா ஒன்றைப் பொருத்தியதுதான். சாட்சிக்கு நிலையான கேமரா, கண்காணிப்புக்குச் சுழலும் கேமரா என்ற பாகுபாட்டைத் தாங்களும் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். கடை வைத்திருப்போர் பணப்பெட்டிக்கும் வாசலுக்கும் நிலையான கேமரா வாங்கிய பின்னர், பணம் மிஞ்சினால் மட்டும் சுழலும் கேமராவைப் பற்றி யோசிக்கலாம்.

கட்டளை எவ்வாறு செல்கிறது?

சுழலும் கேமரா அடிக்கடி சொன்னபடி கேட்காமல் போவதும் முந்திய ஆண்டுகளில் நம் குறையாக இருந்தது. ஆகவே இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தோம்.

நமது கேமராவைப் போன்றவற்றிற்கு மூன்று இணைப்புகள் வேண்டும். படம் வருவதற்கு ஒரு கோ-ஆக்ஸியல் கேபிள். மின்சாரத்திற்கு ஒரு கம்பி. கட்டளை செல்வதற்கு ஆர்.எஸ். 485 எனப்படும் முறையில் முறுக்கப்பட்ட இரட்டைக் கம்பி. டி.வி.ஆரில் அம்புக் குறியை அழுத்தினால், அந்த இரட்டைக் கம்பியில் ஒரு சிறு எண்தொடர் செல்கிறது. பரவலாகப் பயன்படும் பெல்கோ-டி என்ற முறையில் அது ஏழு எண்கள் கொண்டது. தொடக்கக் குறி, எந்தக் கேமராவுக்கு என்ற முகவரி, என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைக்கு இரண்டு, வேகத்திற்கு இரண்டு, எல்லாம் பிழையின்றி வந்தனவா என்று சரிபார்க்க ஒரு கூட்டுத்தொகை ஆகியவை அந்த ஏழு.

கேமராவிலும் டி.வி.ஆரிலும் மூன்று செய்திகள் ஒன்றாக இருக்க வேண்டும். அவை: பெல்கோ-டி, பெல்கோ-பி போன்ற கட்டளை முறை, பாட் ரேட் எனப்படும் வேகம், அதாவது 2400, 4800, 9600 போன்ற எண், கேமராவின் முகவரி எண். இம்மூன்றில் ஒன்று மாறினாலும் படம் தெளிவாக வரும், ஆனால் கேமரா அசையாது. கேமரா பழுது என்று நினைத்துக் கழற்றி அனுப்புவோர் பலர். கழற்றும் முன் இம்மூன்றையும் பாருங்கள். பெல்கோ-பி முறையில் முகவரி எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், சில கருவிகளில் ஒரு எண் முன்பின்னாக இருக்கும். அதையும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரட்டைக் கம்பியின் இரு முனைகளும் இடம் மாறியிருந்தாலும் கேமரா அசையாது. கம்பெனிக்குக் கம்பெனி குறியீடு மாறுபடுவதால், மாற்றிப் பொருத்திப் பார்ப்பதே எளிய சோதனை.

நமது கேமராவுக்கு இருந்த நோய் வேறு. சில வேளைகளில் திரும்பத் தொடங்கினால் நிற்காமல் சுற்றிக் கொண்டே இருக்கும். பெல்கோ-டி முறையில் 'திரும்பு' என்பது ஒரு கட்டளை, 'நில்' என்பது மற்றொரு கட்டளை. முதலாவது சென்று, இரண்டாவது வழியில் கெட்டுப் போனால் கேமரா தன் போக்கில் சுற்றும். காரணம் தேடியபோது, கட்டளைக் கம்பி மின்விசிறிக் கம்பிகளோடு ஒரே குழாயில் செல்வதையும், இடையில் ஒரு கிளை பிரித்து வெறுமனே தொங்க விட்டிருப்பதையும் கண்டோம். ஆர்.எஸ். 485 கம்பி 1200 மீட்டர் தூரம் வரை வேலை செய்யக் கூடியது. ஆனால் அது ஒரே கோடாகச் செல்ல வேண்டும். கிளை பிரியக் கூடாது. நீண்ட கோட்டின் கடைசி முனையில் 120 ஓம் மின்தடை ஒன்றைப் பொருத்த வேண்டும். கிளையை நீக்கி, கம்பியைத் தனிக் குழாயில் இட்டு, மின்தடையையும் பொருத்திய பின்னர் அந்த நோய் தீர்ந்தது.

இரவில் திரும்பும்போது மட்டும் கேமரா அணைந்து மீண்டும் எரிவது இரண்டாவது நோய். இதற்கு மின்சாரமே காரணம். இரவில் அகச்சிவப்பு விளக்கும் எரிந்து, மோட்டாரும் ஓடும்போது மின் தேவை கூடுகிறது. நமது 12 வோல்ட் அடாப்டர் அலுவலகத்தில் இருந்தது. கேமரா 60 மீட்டர் தள்ளி இருந்தது. அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 60 மீட்டர் போய் வர 120 மீட்டர் ஆகிறது. அதன் மின்தடை ஏறத்தாழ 4 ஓம். ஒரு ஆம்பியர் ஓடினாலே 4 வோல்ட் வழியில் கரைந்து, கேமராவுக்கு 8 வோல்ட்தான் போய்ச் சேரும். அடாப்டரை மழை படாத பெட்டியில் வைத்து கேமராவின் அருகிலேயே பொருத்தினோம். இதற்கான செலவு சில நூறு ரூபாய்தான். ஆனால் இந்தச் சிறு குறைக்காக நாம் ஓராண்டாக இரவுக் காவலை இழந்திருந்தோம்.

புதிதாக வாங்குவோருக்கு நெட்வொர்க் கேமராக்கள் வந்துள்ளன. இவற்றில் படம், கட்டளை, மின்சாரம் மூன்றும் ஒரே கேபிளில் செல்லும். ஆனால் அந்தக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் செல்லக் கூடாது. சாதாரண பி.ஓ.இ. சுவிட்சு ஒரு இணைப்புக்கு 15.4 வாட் தருகிறது. நிலையான கேமராவுக்கு அது போதும். சுழலும் கேமராவுக்குப் பெரும்பாலும் 30 வாட்டோ அதற்கு மேலோ தரும் சுவிட்சு வேண்டும். கேமரா ஒரு கம்பெனி, என்.வி.ஆர். வேறு கம்பெனி என்றால், இரண்டும் ஆன்விஃப் என்ற பொது முறையை ஏற்றவையா என்று கேட்டு வாங்குங்கள். வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமைப்பு அது. கடையிலேயே இரண்டையும் இணைத்து, படம் வருவதோடு கேமரா திரும்புகிறதா என்பதையும் கண்ணால் பார்த்த பின்னர் பணம் கொடுங்கள்.

கேமரா தன் இடத்திற்குத் திரும்ப வேண்டும்

சுழலும் கேமராவில் பிரீசெட் என்ற வசதி உண்டு. வேண்டிய திசையில் திருப்பி, வேண்டிய அளவு நெருக்கி, அந்த நிலைக்கு ஒரு எண் கொடுத்து விட்டால், அந்த எண்ணை அழுத்தியதும் கேமரா அங்கே போய் நிற்கும். பல பிரீசெட்டுகளை வரிசையாகச் சுற்றி வரச் செய்வது டூர் எனப்படும். நமது கேமராவில் 2018இல் ஆறு இடங்கள் கொண்ட டூர் அமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் இடத்திலும் 20 விநாடி நின்று, அடுத்த இடத்திற்குச் செல்ல 4 விநாடி எடுத்துக் கொள்ளும். ஆக ஒரு சுற்றுக்கு 144 விநாடி. அதில் உண்டியலைப் பார்ப்பது 20 விநாடி. பார்க்காதிருப்பது 124 விநாடி. பூட்டை உடைக்க இரண்டு நிமிடம் தாராளமாகப் போதும். மேலும், ஓயாது சுற்றுவதால் உள்ளிருக்கும் மோட்டாரும் பட்டையும் விரைவில் தேய்ந்து போகும்.

ஆகவே டூரை நிறுத்தி விட்டோம். அதற்குப் பதிலாக, யாரும் கை வைக்காமல் ஒரு நிமிடம் கடந்தால் கேமரா தானாகவே முதல் பிரீசெட்டுக்குத் திரும்புமாறு அமைத்தோம். மின்சாரம் போய் வந்தாலும் அதே இடத்திற்குத் திரும்பும். முதல் பிரீசெட் முன்வாசலையும் சாலையின் ஒரு பகுதியையும் சேர்த்துக் காட்டுகிறது. இந்த ஓர் அமைப்பு 2023இல் இருந்திருந்தால், திருமணத்தன்று திருப்பி விட்ட கேமரா ஒரு நிமிடத்தில் தன் இடத்திற்கு வந்திருக்கும். ஒரு பைசாச் செலவில்லாத வசதி அது, பட்டியலில் இருந்தது, நாங்கள்தான் திறந்து பார்க்கவில்லை.

கைப்பேசி வழியாகக் கேமராவைத் திருப்புவோருக்கு ஒரு குறிப்பு: படம் கைப்பேசிக்கு வந்து சேர ஓரிரு விநாடி தாமதமாகும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கேமரா வேண்டிய இடத்தைத் தாண்டிச் சென்று விடும். சிறு சிறு தட்டல்களாகத் திருப்ப வேண்டும். அல்லது பிரீசெட் எண்ணையே பயன்படுத்த வேண்டும்.

பதிவும் கடிகாரமும்

பதிவு எத்தனை நாள் இருக்கும் என்பதைக் கணக்கிடுவது எளிது. விநாடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிவாகும் கேமரா ஒரு நாளைக்கு 43.2 ஜி.பி. இடத்தை எடுத்துக் கொள்ளும். 2 மெகாபிட் என்றால் அதில் பாதி. சுழலும் கேமராவின் படம் முழுவதும் அசைவதால் அதற்குக் கூடுதல் அளவு தர வேண்டும். குறைத்தால் திரும்பும்போது படம் கட்டம் கட்டமாகக் கலைந்து விடும். நம்மிடம் இப்போது 2 மெகாபிட்டில் ஐந்து நிலையான கேமராக்களும் 4 மெகாபிட்டில் ஒரு சுழலும் கேமராவும் உள்ளன. ஒரு நாளைக்கு 151.2 ஜி.பி. ஆகிறது. 4 டி.பி. ஹார்டு டிஸ்க்கில் 26 நாட்கள் பதிவு இருக்கும். அதற்குப் பின் பழையதன் மேல் புதியது பதிவாகும். எனவே புகார் கூற விரும்புவோர் 26 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

கடிகாரம் 42 நிமிடம் பிசகியது எப்படி என்று பலர் வியந்தார்கள். 2018 முதல் 2023 வரை ஐந்து ஆண்டுகளில் 42 நிமிடம் என்றால், நாளொன்றுக்கு ஒன்றரை விநாடிக்கும் குறைவு. நல்ல கருவியின் கடிகாரமும் அந்த அளவு பிசகும். பார்த்துத் திருத்த ஆளில்லாமல் போனதே குறை. இணைய இணைப்பு உள்ள கருவியில் நேரத்தைத் தானாகவே சரி செய்து கொள்ளும் வசதி உண்டு. அதை இப்போது இயக்கியிருக்கிறோம். அதை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆவன்று செயலாளர் கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் கையொப்பமிடுகிறார்.

பூட்டும் சாவியும்

டி.வி.ஆரை இணையத்தோடு இணைத்தவர்கள் பலர், கம்பெனி கொடுத்த ரகசியச் சொல்லை மாற்றுவதில்லை. 2016ஆம் ஆண்டு அக்டோபரில், உலகின் பல பெரிய இணையதளங்கள் பல மணி நேரம் முடங்கின. மிராய் என்ற தீய நிரல், மாற்றப்படாத ரகசியச் சொற்களைக் கொண்ட கேமராக்கள், டி.வி.ஆர்கள் போன்ற கருவிகளுக்குள் புகுந்து, அவற்றையே படையாகத் திரட்டித் தாக்கியது. பூட்டு வாங்கி மாட்டி விட்டு, சாவியை அதிலேயே தொங்க விடுவதற்கு ஒப்பானது இது. நமது கருவியில் ரகசியச் சொல்லை மாற்றியதோடு, பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரில் அனுமதி கொடுத்திருக்கிறோம். யார் எப்போது உள்ளே நுழைந்தார் என்பது கருவியிலேயே பதிவாகிறது. முன்பு ஒன்பது பேரின் கைப்பேசிகளில் இருந்த அனுமதி இப்போது மூவரிடம் மட்டுமே உள்ளது.

அடுத்த வீட்டின் சன்னல்

இது மிகவும் பொறுப்போடு பேச வேண்டிய செய்தி. மாடியின் மூலையில் நிற்கும் கேமரா, 20 மடங்கு நெருக்கிக் காட்டும் ஆற்றல் உடையது. அது திரும்பினால் பக்கத்துத் தெருவின் மாடிகளும் சன்னல்களும் திரையில் வரும். அங்கே துணி உலர்த்தும் பெண்களுக்குத் தாங்கள் பார்க்கப்படுவது தெரியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், அண்டை வீட்டாரின் மானத்தைக் காப்பது பள்ளிவாசலின் கடமை அல்லவா?

இதற்கும் கேமராவிலேயே வழி உண்டு. மறைப்புக் கட்டம் எனப்படும் வசதியில், ஒரு சன்னலின் மீது கறுப்புக் கட்டம் இட்டு விட்டால், கேமரா எப்படித் திரும்பினாலும் எவ்வளவு நெருக்கினாலும் அந்தக் கட்டம் சன்னலோடு ஒட்டியே நிற்கும். அந்த இடம் பதிவிலும் மறைந்தே இருக்கும். மேலும், கேமரா திரும்பும் எல்லையையே இடத்திலும் வலத்திலும் வரையறுத்து விடலாம். நாங்கள் இரண்டையும் செய்திருக்கிறோம். பக்கத்துத் தெருவில் வசிக்கும் மாற்று மதச் சகோதரர்கள் உட்பட நான்கு வீட்டாரை அலுவலகத்திற்கு அழைத்து, திரையில் தங்கள் வீடு மறைந்திருப்பதை அவர்களே பார்க்கும்படி செய்தோம். பெண்கள் தொழும் பகுதியின் உட்புறம், உளூச் செய்யுமிடம், கழிப்பறை வழி ஆகியவற்றில் கேமரா எதுவும் இல்லை, இனியும் இராது.

பதிவு சாட்சியாக வேண்டுமானால்

திரையைக் கைப்பேசியில் படம் பிடித்த துண்டு வதந்திக்கு உதவும். வழக்கு மன்றத்தில் எளிதில் நிற்காது. மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழ் வேண்டும் என்பது முன்பு இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது. 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதீய சாக்ஷ்ய அதினியம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் 63ஆம் பிரிவின்படி, கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியுமாகச் சான்றிதழ் அளிக்க வேண்டும். பதிவு பின்னர் மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் ஹேஷ் எண்ணும் அதில் குறிக்கப்பட வேண்டும். எனவே குற்றம் எதுவும் நடந்தால், முதலில் டி.வி.ஆரின் கடிகாரப் பிழையைக் குறித்துக் கொண்டு, பதிவை டி.வி.ஆரிலிருந்தே பென் டிரைவில் எடுத்து, ஹார்டு டிஸ்க்கில் அது அழியாதபடி பூட்டி வைத்து, காவல்துறைக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதே முறை.

நாங்கள் ஏற்றுக் கொண்ட விதிகள்

முதலாவது: பதிவைப் பார்க்கும்போது பொறுப்பாளர்கள் இருவர் உடனிருக்க வேண்டும், பார்த்த காரணம் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது: பதிவு அறையில் கைப்பேசியில் படம் எடுக்க எவருக்கும் அனுமதி இல்லை. நிர்வாகிகளும் இதற்கு விலக்கல்ல.

மூன்றாவது: பதிவில் ஒருவர் தென்பட்டார் என்பதால் மட்டும் அவர் பெயரை எவரும் வெளியே சொல்லக் கூடாது. முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.

நான்காவது: சுழலும் கேமராவை இயக்கக் கற்றுக் கொண்ட மூவர் மட்டுமே அதைத் திருப்பலாம்.

ஐந்தாவது: மாதம் ஒரு முறை கடிகாரம், பிரீசெட், மறைப்புக் கட்டம், யு.பி.எஸ்., ஹார்டு டிஸ்க் ஆகிய ஐந்தும் சோதிக்கப்பட வேண்டும். கேமரா ஓடுகிறது என்பது மட்டும் போதாது. சென்ற வாரத்துப் பதிவு ஒன்றை உண்மையில் ஓட விட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த விதிகளில் திருத்தம் வேண்டுமென எண்ணுவோர் இந்தப் பொதுக்குழுவிலேயே கூறலாம். பதிவேடு அலுவலகத்தில் உள்ளது. ஜமாஅத்தார் எவரும் பார்வையிடலாம்.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! சீரமைப்புக்கான செலவில் பெரும் பகுதி ஒரு புதிய கேமராவுக்கும், ஹார்டு டிஸ்க்குக்கும், யு.பி.எஸ்.ஸுக்கும் ஆயிற்று. எஞ்சிய திருத்தங்கள் அனைத்தும் ஏற்கெனவே நம்மிடம் இருந்த கருவியைப் புரிந்து கொண்டதால் கிடைத்தவை. கேமரா பொருத்தியதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணி ஐந்து ஆண்டுகள் இருந்து விட்டோம். அந்தப் பிழையின் விலையை ஒரு தாயும் மகனும் கொடுத்தார்கள். அந்த இளைஞர் இன்று நமது பள்ளிவாசலின் கேமராப் பொறுப்பாளர் மூவரில் ஒருவர். நாங்கள் கேட்டுக் கொண்டபோது அவர் மறுக்கவில்லை. மாதந்தோறும் டி.வி.ஆரின் கடிகாரத்தைச் சரிபார்க்கும்போது செயலாளருடன் அவரும் கையொப்பமிடுகிறார்.

இனி எவர் மீதும் அத்தகைய பழி நம் வளாகத்திலிருந்து விழாதிருக்க, தங்கள் அனைவரின் ஒத்துழைப்பையும் வேண்டி உரையை நிறைவு செய்கிறோம். வஸ்ஸலாம்.